தம்பியின் முழங்காலில் எலும்புப் புற்றுநோயாம்: என்ன சிகிச்சை, எவ்வளவு நம்பலாம்?

சுன்னாகம்_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பிக்கு 16 வயது, வருகிற முறை ஓ.எல். (சாதாரண தர) சோதனை எழுத வேண்டியவன். வலது முழங்காலுக்குச் சற்று மேலே நோகுது நோகுது என்று சில மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் இருக்கிறவன் என்பதால் விளையாட்டில் பட்ட அடி என்று எல்லோரும் நினைத்தோம், நோ எண்ணெய் பூசினால் குறையும், பிறகு வரும். கடைசியில் இரவில் நோவால் எழும்பி இருந்து அழத் தொடங்கிவிட்டான், தொட்டால் தெரிகிற வீக்கம், அந்த இடம் மட்டும் சூடு. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த கையோடு எலும்பு டொக்டரின் முகமே மாறிப்போனது. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று சந்தேகமாம், பயொப்சி, அதாவது ஊசியால் குத்திக் கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கிற சோதனை, செய்ய வேண்டுமாம், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம் என்கிறார்கள்.

வீட்டில் இப்போது ஆளுக்கொரு கதை. காலை எடுத்துவிடுவார்கள் என்று அம்மா இரவும் பகலும் அழுகிறா. கனடாவில் இருக்கிற மாமா, ஒன்றும் யோசிக்காதேங்கோ, இந்தியாவுக்குக் கொண்டுபோங்கோ, காசு நான் அனுப்புகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டு ஐயா, கீமோ ஏற்றினால் பிள்ளை இன்னும் கெதியாகப் போய்விடும், தனக்குத் தெரிந்த நாட்டு வைத்தியப் பரியாரியார் இருக்கிறார் என்று தினமும் வந்து சொல்கிறார். அப்பா வாயே திறக்கிறார் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இந்த நோய்க்கு என்ன செய்வார்கள், எவ்வளவு காலம் எடுக்கும்? கால் தப்புமா? உண்மையில் எத்தனை பேர் சுகமாகிறார்கள்? பூசி மெழுகாமல் சொல்லுங்கள், இணையத்தில் வாசித்து வாசித்துத் தலை சுற்றுகிறது, ஒரு இடத்தில் 70 என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 20 என்று இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற_தாதி எழுதியது:

தங்கச்சி, நான் புற்றுநோய் வோட்டில் பல வருசம் வேலை செய்தவள். நான் டொக்டர் இல்லை, உங்கள் தம்பியின் படத்தைப் பார்த்தவளும் இல்லை, அதனால் பொதுவாக உள்ளதைத்தான் சொல்லலாம்.

முதலில் அந்த 70, 20 கணக்கு. இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு ஆட்களைப் பற்றியது. நோய் அந்த எலும்போடு மட்டும் நிற்கிறவர்களில் நூறு பேருக்கு 60 முதல் 70 பேர் வரை ஐந்து வருடம் தாண்டி இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் முழுச் சுகமாகிவிட்டவர்கள். கண்டுபிடிக்கும்போதே சுவாசப்பைக்கோ வேறு எலும்புக்கோ பரவியிருந்தால் அது 20, 30 என்று இறங்கிவிடும். கண்டுபிடிக்கிற நேரத்தில் ஐந்தில் ஒருவருக்கோ அதிலும் கொஞ்சம் குறைவாகவோதான் பரவல் ஸ்கானில் தெரியும். ஆனபடியால் இப்போது நீங்கள் அறிய வேண்டிய முதல் விஷயம், நெஞ்சு சி.டி. ஸ்கானில் என்ன இருக்கிறது என்பது. அது வரும்வரை எந்தக் கணக்கையும் தம்பியின் கணக்காக எடுக்காதேங்கோ. சுவாசப்பையில் ஒன்றிரண்டு சின்னக் கட்டி இருந்தால்கூட வெட்டி எடுத்துச் சுகமானவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பயொப்சி. இதை அம்மாவுக்கும் விளங்கப்படுத்துங்கள். பிறகு காலில் பெரிய ஒபரேசன் செய்யப்போகிற எலும்புப் புற்றுநோய்க் குழுதான் பயொப்சியையும் செய்ய வேண்டும், அல்லது அவர்கள் சொன்ன இடத்தில் செய்ய வேண்டும். ஊசி போன பாதையிலும் நோய் அணுக்கள் ஒட்டியிருக்கலாம் என்பதால் கடைசி ஒபரேசனில் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். கண்ட இடத்தில் குத்தினால் காப்பாற்றக்கூடிய காலும் போய்விடலாம். மகரகமவுக்கு எழுதித் தந்ததில் நல்ல காரணம் இருக்கிறது. அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதேங்கோ, நோய் தின்ற எலும்பு இலேசாக முறியும், முறிந்தால் இரத்தக் கசிவோடு நோயும் சுற்றியுள்ள சதைக்குள் பரவும். ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்கள். எண்ணெய் போட்டு உருவுகிறது, சூடு ஒத்தடம் எல்லாம் இன்றோடு நிறுத்துங்கள்.

பயொப்சியில் ஒஸ்டியோசர்கோமா என்று உறுதியானால் வழக்கமான ஒழுங்கு இதுதான்: முதலில் ஏறத்தாழ பத்துக் கிழமை கீமோ, பிறகு ஒபரேசன், பிறகு மறுபடியும் கீமோ. புத்தகத்தில் ஏழு மாதம் என்று இருந்தாலும் இடையில் காய்ச்சல், இரத்த அணுக்கள் குறைவது என்று இழுபட்டு எட்டு ஒன்பது மாதம் போய்விடும். மருந்து மூன்று: மெத்தோட்ரெக்சேட், டொக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின். சில இடங்களில் மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பதிலாக ஐபொஸ்பமைட் கொடுப்பார்கள். கட்டி ஒரு இடத்தில்தானே இருக்கிறது, வெட்டி எறிந்தால் முடிந்ததே, எதற்குக் கீமோ என்று எங்கள் சனம் கேட்கும். கீமோ இல்லாத காலத்தில், அதாவது 1970களுக்கு முன், காலை உடனே எடுத்தும் நூறு பேரில் 20 பேர்கூடத் தப்பவில்லை. ஏனென்றால் ஸ்கானில் தெரியாத அணுக்கள் அப்போதே சுவாசப்பைக்குப் போயிருக்கும். அவற்றைக் கொல்லத்தான் கீமோ. பக்கத்து வீட்டு ஐயாவுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் நாட்கள் கவனமாக இருக்க வேண்டியவை. மூட்டுவாதக்காரருக்குக் கிழமைக்குச் சில மில்லிகிராம் கொடுக்கிற அதே மருந்தை இங்கே ஒரே தடவையில் பல கிராம் ஏற்றுவார்கள். போத்தல் மஞ்சளாக இருக்கும், சலமும் மஞ்சளாகப் போகும். அது சிறுநீரகத்தில் படியாமல் இருக்க ஏராளமாகச் சேலைன், சோடாக் கரைசல் ஏற்றி, தம்பி சலம் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதத் துண்டைத் தோய்த்து நிறம் பார்ப்போம். சலத்தின் அமிலத் தன்மையைக் காட்டுகிற பி.எச். இலக்கம் அதில் தெரியும், அது 7க்குக் கீழே இறங்கினால் உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் தொடங்கி அந்த மருந்தின் நச்சை முறிக்கிற போலினிக் அசிட் கொடுப்பார்கள், அதில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அந்த நாட்களில் நோவுக்கு டைகுளோபெனாக், புரூபன் மாதிரிக் குளிசை வேண்டாம். தெம்புக்கு என்று விற்றமின் குளிசை, மூலிகைச் சாறு எதையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதேங்கோ. அன்னமுன்னா இலை, பப்பாசி இலை என்று ஆட்கள் கொண்டுவருவார்கள். அன்பில்தான் கொண்டுவருகிறார்கள், வாங்கி வைத்துவிட்டுக் கொடுக்காமல் விடுங்கள்.

டொக்சோரூபிசின் சிவப்பு, அது ஏற்றினால் சலம் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பயந்துவிடக் கூடாது. அது இருதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ என்ற இருதய ஸ்கான் பார்ப்பார்கள். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், காதுக்குள் இரைகிறது என்று தம்பி சொன்னால் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்று, வெட்கப்பட்டு எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம். இந்த மருந்துகள் பின்னாளில் பிள்ளைப் பாக்கியத்தைப் பாதிக்கலாம். 16 வயதுப் பொடியனுக்குக் கீமோ தொடங்க முன் விந்தைச் சேமித்து வைக்க வழி இருக்கிறதா என்று அப்பாவோ அண்ணன் முறையான ஒருவரோ டொக்டரிடம் கேட்கட்டும். தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

---

நெல்லியடி_அம்மா எழுதியது:

பிள்ளை, என் மகனுக்கு வந்தது ஈவிங் சர்கோமா, அதுவும் எலும்பில்தான், ஆனால் வேறு சாதி. அதற்குக் கதிர் வைத்தியம் நன்றாகக் கேட்கும், ஒஸ்டியோசர்கோமாவுக்குக் கதிர் அவ்வளவாகக் கேட்காது, மருந்தும் வேறு. அதனால் அவனுக்குச் செய்தது இவனுக்கும் செய்யவேண்டும் என்று யாரும் சொன்னால் கேட்காதேங்கோ. பெரிய ஆட்களுக்கு வருகிற கொன்ரோசர்கோமா என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வெட்டுவதுதான் வைத்தியம், கீமோவால் பெரிய பலன் இல்லை. மார்பிலோ புரொஸ்டேட்டிலோ தொடங்கி எலும்புக்குப் போவது இன்னொரு கதை. எல்லாவற்றுக்கும் எலும்புப் புற்றுநோய் என்று ஒரே பெயரைச் சொல்வதால்தான் இணையத்தில் வாசிக்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

நான் சொல்ல வந்தது மகரகமவில் இருந்து சமாளிக்கிற வழி. அபேக்சா ஆஸ்பத்திரி அரசாங்கத்தினுடையது, வைத்தியத்துக்குக் காசு இல்லை. ஆனால் போய்வர, தங்க, சாப்பிடக் காசு ஓடும், சில நேரம் ஒரு பரிசோதனைக்கோ மருந்துக்கோ வெளியில் போகச் சொல்வார்கள். கொழும்பு வெள்ளவத்தை வரைக்கும் இரவு பஸ்ஸில் போகலாம், ரயிலில் என்றால் கோட்டையில் இறங்கி 138ஆம் இலக்கப் பஸ் மகரகமவுக்குப் போகும். கீமோ ஏற்றிய பிள்ளையை நெரிசல் பஸ்ஸில் கொண்டுவராதேங்கோ, யாரிடமாவது வான் கேட்டுப் பாருங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரை முதல் தடவையாவது கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர்மார் ஆங்கிலத்தில் கதைப்பார்கள், சிலர் தமிழிலும் கதைப்பார்கள், ஆனால் துண்டு எழுதுகிற இடத்திலும் இரத்தம் எடுக்கிற இடத்திலும் திணறிப்போவீர்கள். எல்லாத் துண்டையும் ஒரு பைலில் திகதி வாரியாகப் போட்டு வையுங்கள், எம்.ஆர்.ஐ. சீடியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதேங்கோ, கொப்பி எடுத்துக் கொடுங்கள்.

சுன்னாகத்தில் இருக்கிற உங்களுக்குத் தெல்லிப்பழை கிட்ட. 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்துக் கட்டினார்களே, அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. இடையில் இரத்தம் பார்க்கிறது, காய்ச்சல் வந்தால் காட்டுகிறது, இதையெல்லாம் அங்கே செய்யலாமா என்று மகரகம டொக்டரிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். எங்களுக்கு அந்தக் கடிதம்தான் கைகொடுத்தது.

காய்ச்சல் விஷயம் மிக மிக முக்கியம். கீமோ ஏற்றி ஒரு கிழமை, பத்து நாளில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிடும். அப்போது 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் பனடோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. நடுச்சாமம் என்றாலும் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஆஸ்பத்திரியில் முதல் வாயைத் திறந்ததும் கீமோ ஏற்றிய பிள்ளை என்று சொல்லுங்கள், வரிசையில் நிற்காதேங்கோ. வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும், நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறது போதாது.

சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்படத் தேவையில்லை. கொதிக்கக் கொதிக்கச் சமைத்து அப்போதே சாப்பிடுகிறது எதுவும் நல்லது. வாய் முழுக்கப் புண் வரும், தூள் போட்ட கறி வாயில் வைக்க ஏலாது. என் மகன் அந்த நாட்களில் ஆறவைத்த உழுத்தங்கஞ்சியையும் நன்றாக அவித்துக் குழைத்த முட்டையையும்தான் விழுங்கினான். வெட்டி வைத்த பழம், கடைச் சம்பல், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

---

ஒற்றைக்கால்_ஓட்டக்காரன் எழுதியது:

அக்கா, தம்பியிடமே இதை வாசிக்கக் கொடுங்கள். எனக்கும் ஒஸ்டியோசர்கோமாதான், இடது முழங்காலுக்குக் கீழே தொடங்கியது, நரம்பையும் இரத்தக் குழாயையும் சுற்றிப் பிடித்துவிட்டதால் தொடையோடு காலை எடுத்தார்கள். இப்போது கோப்பாயில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், கலியாணம் முடித்து ஒரு மகளும் இருக்கிறாள்.

கால் தப்புமா என்று கேட்டீர்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்குக் காலை எடுக்காமல் நோய் பிடித்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உலோக எலும்பும் மூட்டும் வைக்கிறார்கள். சுற்றிவர நல்ல சதையோடு முழுக்கட்டியையும் எடுக்க முடிந்தால் காலை வைத்திருக்கிறவர்களும் காலை எடுத்தவர்களும் தப்புகிற கணக்கில் வித்தியாசம் இல்லை. முடியாத இடத்தில் பாதியை விட்டுவைத்தால் அதே இடத்தில் திரும்ப வரும், அப்போது காலும் போய் ஆளும் போகலாம். ஆகவே டொக்டர் வைத்திருக்கலாம் என்றால் வைத்திருங்கள், எடுக்கத்தான் வேண்டும் என்றால் அம்மாவின் அழுகைக்காகத் தள்ளிப் போடாதேங்கோ. நான் இதை நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், என்னோடு பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பொடியனின் வீட்டார் எடுக்க விடமாட்டோம் என்று கூட்டிக்கொண்டு போய், சில மாதம் கழித்து மூச்சு எடுக்க ஏலாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவன் இன்று இல்லை.

உலோக மூட்டு வைத்தால் எல்லாம் பழையபடி என்றும் நினைக்கக் கூடாது. நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், ஆனால் உதைபந்து, பாய்கிறது, மல்லுக்கட்டுகிறது எல்லாம் இல்லை. கிருமி பிடிக்கலாம், வருசங்கள் போக ஆட்டம் கண்டு திரும்ப ஒபரேசன் வரலாம். அந்த உலோகச் சாமானுக்குச் செலவு யாருடையது என்று முதலே கேளுங்கள். சனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள்.

காலை எடுத்தால் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. 1987இல் இருந்து இயங்குகிறது, சண்டையிலும் கண்ணிவெடியிலும் கால் போனவர்களுக்குக் கால் செய்து செய்து கை தேர்ந்தவர்கள். நான் முதல் நாள் போனபோது வாசலில் ஒரு கிழவர் தன் பொய்க்காலைக் கழற்றி மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து, காலுறையைத் தினமும் தோய்த்துப் போடு தம்பி, வியர்வை நின்றால் புண் வரும் என்றார். எந்த டொக்டரும் அவ்வளவு பயனுள்ள ஒன்றை எனக்குச் சொல்லவில்லை. இல்லாத கால் நோகும், அதற்கும் மருந்து இருக்கிறது, பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடையில் மிச்சம் இருக்கிற தசைக்கு உடற்பயிற்சியை ஒரு நாளும் விடக் கூடாது.

ஓ.எல். ஒரு வருசம் பிந்தினால் பிந்தட்டும். நானும் பிந்தித்தான் எழுதினேன்.

---

ஸ்காபரோ_மாமா எழுதியது:

பிள்ளை, உங்கள் மாமா மாதிரி நானும் கனடாவில் இருக்கிறவன், அதனால் அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தூரத்தில் இருக்கிற எங்களுக்குக் காசு அனுப்புவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய ஏலாது, அந்த அந்தரத்தில்தான் இந்தியாவுக்குக் கொண்டுபோ என்கிறோம். அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய பழைய, நல்ல இடம், வேலூரும் நல்லது, அதில் கேள்வி இல்லை. ஆனால் சென்னையிலும் ரொறன்ரோவிலும் இந்த நோய்க்கு அடிப்படையாக நிற்பது தாதி அக்கா சொன்ன அந்த மருந்துகள்தான். விசாவுக்கும் ரிக்கற்றுக்கும் இடம் பிடிக்கவும் ஓடுகிற கிழமைகளில் கட்டி சும்மா இருக்காது. இன்னொரு டொக்டரின் கருத்து வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. படத்தையும் பயொப்சிச் சிலைடையும் அனுப்புங்கள், பொடியன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். போகத்தான் போகிறீர்கள் என்றால் பயொப்சிக்கு முன்பே போய், முழு வைத்தியத்தையும் ஒரே இடத்தில் முடியுங்கள். அங்கே பாதி இங்கே பாதி என்று மட்டும் வேண்டாம்.

இங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் ரெரி பொக்ஸைத் தெரியும். 1977இல் 18 வயதில் இதே நோயால் வலது காலை எடுத்தார்கள். 1980இல் பொய்க்காலோடு 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினான், நோய் சுவாசப்பைக்குப் போனதால் நிறுத்த வேண்டி வந்தது, அடுத்த வருசம் 22 வயதில் போய்விட்டான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நெஞ்சு ஸ்கானை விடக் கூடாது. வைத்தியம் முடிந்த பிறகும் முதல் இரண்டு மூன்று வருசம் சில மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், திரும்ப வந்தால் பெரும்பாலும் அங்கேதான், அந்தக் காலத்துக்குள்தான் வரும். கெதியில் கண்டால் வெட்டி எடுக்கலாம். சுகமாகிவிட்டது என்று கிளினிக்கை விடுகிற ஆட்கள் எங்கள் சனத்தில் அதிகம்.

---

சுன்னாகம்_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஏலாமல் இருக்கிறது. நெஞ்சு சி.டி. ரிப்போர்ட் வந்துவிட்டது, சுவாசப்பையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். காலை எடுத்த அண்ணா எழுதியதைத் தம்பி தானே வாசித்தான், வாசித்துவிட்டு அம்மாவிடம், எடுக்கச் சொன்னால் எடுக்கட்டும் என்று சொன்னான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்று ஊன்றுகோல் வாங்க அப்பாவோடு அவவும் போனா. எங்கள் மாமாவுடன் கதைத்தோம், படங்களைத் தனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். வருகிற கிழமை மகரகம. கீமோ முடிந்து ஒபரேசனுக்குப் பிறகு, மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்?

---

ஓய்வுபெற்ற_தாதி எழுதியது:

நெஞ்சு சுத்தமாக இருப்பது பெரிய நிம்மதி, தங்கச்சி. ஒபரேசனில் எடுத்த எலும்பை வெட்டிப் பார்த்து, கட்டியில் நூற்றுக்கு எத்தனை பங்கு செத்திருக்கிறது என்று எழுதுவார்கள். 90க்கு மேல் செத்திருந்தால் கீமோ நன்றாகக் கேட்டிருக்கிறது. குறைவாக இருந்தால் முடிந்தது என்று அர்த்தம் இல்லை, அப்படியானவர்களிலும் கணிசமானோர் தப்புகிறார்கள். அப்போது மருந்தைக் கூட்டினால் நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், பெரிய ஆய்வு ஒன்று செய்து 2016இல் வெளியிட்டார்கள், இரண்டு மருந்தை மேலதிகமாகச் சேர்த்தும் பலன் கூடவில்லை, பக்க விளைவுதான் கூடியது. ஆகவே அந்த இலக்கம் குறைவாக வந்தும் டொக்டர் அதே மருந்தைத் தொடர்ந்தால், கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதேங்கோ. வெட்டு ஓரங்களில் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்றும் அதே ரிப்போர்ட்டில் பாருங்கள். வருகிற கிழமைக்கு ஊன்றுகோல், எம்.ஆர்.ஐ. சீடி, பைல், வெப்பமானி, தம்பிக்கு ஒரு போர்வை, போனுக்குச் சார்ஜர். அனுமதித்துவிட்டால் எந்த வோட் என்று இங்கே எழுதுங்கள், மகரகமவில் தமிழ் கதைக்கிற, எனக்குத் தெரிந்த தாதிப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், வந்து பார்க்கச் சொல்கிறேன்.